வீல் நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்? டார்க் ரெஞ்ச் வாங்கிய தம்பிக்கு

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குளச்சலில் கடலோரம் வீடு. நாகர்கோவிலில் காருக்கு நான்கு டயரும் மாற்றினார். மறுநாள் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போகும்போது, களியக்காவிளை தாண்டியதும் இடது முன் வீலில் ‘டக் டக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் நான்கு நட்டில் இரண்டு விரலால் சுற்றும் அளவுக்கு லூஸ். வண்டியிலிருந்த வீல் ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டு பைய ஓட்டி வீடு திரும்பியிருக்கிறார். இப்போது ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டார்; முறுக்கும் அளவை எண்ணாக வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர் அது. கேள்வி மூன்று. எந்த எண்ணில் வைத்து முறுக்குவது? உப்புக்காற்றில் ஸ்டட் (நட் ஏறும் மரை போட்ட கம்பி) துருப்பிடிக்கிறதே, எண்ணெய் தடவலாமா? கடையில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி) முறுக்கியதை வீட்டில் இந்த ரெஞ்சால் சரிபார்த்தால் போதுமா?

தம்பி, இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இடது முன் வீலின் ஸ்டட்களை மாற்றாமல் இனி தூரப் பயணம் போகாதீர்கள். நட் லூஸாக ஓடியது கொஞ்ச தூரம்தானே என்று தோன்றும். சிறிய காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 தடவை சுற்றும். லூஸான வீல் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைக்கிறது. 10 கிலோமீட்டர் ஓடினால் 5,500 தடவை. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே வேலைதான் உள்ளே நடக்கிறது. விரிசல் வெளியில் தெரியாது. லூஸாக இருந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதாது. அந்த நேரம் முழுச் சுமையையும் தாங்கிய மற்ற இரண்டுக்கும் சேர்த்து அடி விழுந்திருக்கிறது. நான்கையும் மாற்றிவிடுங்கள், நட்டும் புதிதாகவே போடுங்கள். வீலைக் கழற்றும்போது அதன் துளைகளையும் பாருங்கள். நட் உட்காரும் சரிவான வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த வீலும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீலை நட் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஸ்டட்கள் வீலைத் தூக்கிச் சுமக்கின்றன என்பது அடுத்த நினைப்பு. இரண்டும் சரியில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங்போல இழுபடுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த ஸ்டட்தான் வீலை ஹப்போடு (வீலை மாட்டும், வீலோடு சேர்ந்து சுற்றும் நடுப்பாகம்) சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பால் வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் உண்டாகும் உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக்கைத் தாங்குகிறது, வளைவில் வீல் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. நெரிப்பு சரியாக இருக்கும்வரை ஸ்டட்டுக்கு வளையும் வேலையே இல்லை.

எவ்வளவு நெரிப்பு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 12 மிமீ ஸ்டட், சுத்தமான காய்ந்த மரை, 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு (முறுக்கு விசையை அளக்கும் அலகு நியூட்டன் மீட்டர்). ஒரு ஸ்டட்டில் மட்டும் ஏறத்தாழ 4 டன் இழுவிசை வரும். நான்குக்கும் சேர்த்து 16 டன்னுக்கு மேல். ஒரு டன் எடையுள்ள காரின் ஒரே ஒரு வீலில்! அத்தனை விசைக்கும் அந்த ஸ்டட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான், ஒரு தலைமுடியின் கனம். இந்த அளவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீலுக்கும் ஹப்புக்கும் இடையில் ஒரு பெயிண்ட் படலமோ துருப் பொருக்கோ மாட்டிக்கொண்டு, ஓடும்போது அது நசுங்கினால், தலைமுடி கனத்துக்கு இழுபட்டிருந்த ஸ்டட் தளர்ந்துவிடும். நட் ஒரு சுற்றுகூடப் பின்னால் போக வேண்டியதில்லை. 16 டன் நெரிப்பு அப்படியே காணாமல் போகும். உங்கள் வண்டியில் நடந்தது இதுவாகவே இருக்கலாம். டயர் கடைப் பையன் முறுக்காமல் விட்டான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்தது எண்ணெய். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தக்கலையில் ஒர்க்‌ஷாப் தொடங்கிய முதல் வருடங்களில், மழைக்காலத்தில் வரும் வண்டிகளின் ஸ்டட்டுக்கெல்லாம் நான் எண்ணெய் தடவிவிடுவேன். அடுத்த தடவை சுலபமாகக் கழற்றலாம் என்ற எண்ணம். அப்புறம் ஸ்பேனரில் பைப் மாட்டி முழுப் பலத்தையும் போட்டு முறுக்குவேன். அப்படி என் கையால் முறுக்கிய ஒரு வாடகை வேன் பேச்சிப்பாறையிலிருந்து இறங்கி வரும்போது பின் வீலில் இரண்டு ஸ்டட் ஒடிந்தது. டிரைவர் சத்தம் கேட்டு உடனே நிறுத்தியதால் வண்டியிலிருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒடிந்த ஸ்டட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மரைப் பகுதி நடுவில் இழுபட்டு மெலிந்திருந்தது. லூஸாகி ஒடியவில்லை, நான் இழுத்ததில்தான் ஒடிந்தது. அன்றிலிருந்து இதுவரை ஒரு ஸ்டட்டுக்கும் எண்ணெய் தொட்டதில்லை.

எண்ணெய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு? நீங்கள் போடும் 100 நியூட்டன் மீட்டரில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் வீலோடு உரசுவதிலேயே செலவாகிவிடும். இன்னொரு 40 மரைக்குள் உரசுவதில் போகும். மிச்சம் 10 மட்டுமே ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெய் தடவினால் உரசல் குறையும். மிச்சமாகும் விசை எல்லாம் ஸ்டட்டின் மேல் போய் விழும். அதே 100-ல் இழுவிசை ஒன்றரை மடங்குவரை போகலாம். ரெஞ்சுக்கு இது தெரியாது. அது அளப்பது முறுக்கை மட்டும்தான், ஸ்டட்டின் இழுவிசையை அது பார்ப்பதே இல்லை. எண்ணெய் தடவிய ஸ்டட்டிலும் அதே இடத்தில்தான் கிளிக் என்று சொல்லும். வண்டியின் கையேட்டில் எண்ணெய் போடச் சொல்லியிருந்தால் ஒழிய, அதில் அச்சிட்ட எண் சுத்தமான, காய்ந்த மரைக்கு உரியது.

துருப்பிடித்த மரை இதற்கு நேர்மாறு. உரசல் கூடும், கிளிக் சீக்கிரமே வந்துவிடும், ஸ்டட்டில் இழுப்பே இருக்காது. முறுக்கியாயிற்று என்று நம்பிக் கிளம்புவீர்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீட்டு முன்னால் நிற்கும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆடி மாதக் கடல் அடிக்கும்போது சாரல் வீட்டு முற்றம்வரை வரும். ஸ்டட்டின் நுனி வெளியில் தெரியும் நட் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கு மருந்து எண்ணெய் இல்லை, வயர் பிரஷ். காய்ந்த வயர் பிரஷால் மரையைத் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகும் நட் விரலால் கடைசிவரை ஓடவில்லை என்றால் அந்த ஸ்டட்டும் நட்டும் மாற்ற வேண்டியவை. பெரிய செலவு இல்லை.

ஸ்டட்டைவிட முக்கியம், ஹப்பின் முகமும் வீலின் பின்பக்கமும். இரண்டும் ஒட்டும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அலாய் வீல் என்றால் அலுமினியமும் ஹப்பின் இரும்பும் உப்புநீரில் சேர்ந்து வெள்ளைப் பொடி பூக்கும். அது பூத்துப் பூத்து வீல் ஹப்போடு இறுகிக்கொள்ளும். பஞ்சரான நேரத்தில் நட்டெல்லாம் கழற்றியும் வீல் வராமல் நிற்பது இதனால்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் கிரீஸுக்கு இடம் உண்டு: ஹப்பின் நடுவில் வீலின் மையத் துளை நுழையும் வளையத்தில், விரலால் தொட்டு இழுத்த அளவு. ஒட்டும் முகத்திலும் நட் உட்காரும் சரிவிலும் ஸ்டட்டிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

சரி, எந்த எண்? உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்தான். வேறு யார் சொன்னாலும், நான் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மாருதியின் பல சிறிய கார்களுக்கு 85 அல்லது 100 நியூட்டன் மீட்டர், டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108, நட்டுக்குப் பதில் போல்ட் வரும் ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. ஒரே பெயருள்ள காரிலேயே பழைய மாடலுக்கும் புதியதற்கும் மாறுவதுண்டு. கையேட்டில் கிலோகிராம் மீட்டரில் போட்டிருந்தால் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 10.2 என்பது 100 நியூட்டன் மீட்டர். கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ரெஞ்சின் குழாயில் இரண்டு அளவுகோல் இருக்கும், ஒன்று நியூட்டன் மீட்டர், மற்றது அடி பவுண்டு. தவறுதலாக அடி பவுண்டில் 100 வைத்தால் அது 136 நியூட்டன் மீட்டர்.

இனி வேலை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டு முற்றமே சரிவாக இருக்கும், அதனால் இதைச் சொல்கிறேன். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர் மூலையில் உள்ள வீலுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். தரையில் நிற்கும்போதே நட்களை அரைச் சுற்று தளர்த்துங்கள். அதற்கு வீல் ஸ்பேனரை எடுங்கள், டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டாம். இறுகிய நட்டைத் திறக்க அதைப் பயன்படுத்தினால் அளவு கெட்டுப்போகும்.

வீலைச் சுத்தம் செய்து மாட்டியதும் எல்லா நட்டையும் விரலால் போடுங்கள். முதல் நான்கைந்து மரையாவது விரலில் ஓட வேண்டும். பிடித்தால் திரும்பக் கழற்றி நேராகப் போடுங்கள். ஸ்பேனரால் தள்ளி ஏற்றும் பழக்கத்தில்தான் மரை அடிபடுகிறது. நட்டின் சரிவான பக்கம் வீலை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் திருப்பிப் போட்ட நட்களை நான் கழற்றியிருக்கிறேன். பழைய வீலை மாற்றி வெளி அலாய் வீல் போட்டவர்கள் அந்த வீலுக்கு ஏற்ற நட்தானா என்றும் பார்க்க வேண்டும்; சில வண்டிகளில் சரிவுக்குப் பதில் உருண்டை வாய் வரும், சிலவற்றில் வாஷரோடு தட்டையாக வரும். ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் எந்த எண்ணில் முறுக்கினாலும் பயனில்லை.

வீல் காற்றில் இருக்கும்போதே ஸ்பேனரால் லேசாக, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இப்போதுதான் வீல் ஹப்பில் நேராக உட்காரும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கினால் சாய்ந்து உட்கார்ந்து, அந்தச் சாய்விலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்டு வீல் சுற்றாத அளவுக்கு நிறுத்துங்கள். ரெஞ்சில் 50 வைத்து ஒரு வட்டம். அப்புறம் முழு எண்ணில் இன்னொரு வட்டம். நான்கு நட் என்றால் பெருக்கல் குறிபோல எதிரெதிராக. ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்று விட்டு ஒன்று.

ரெஞ்சைப் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. கைப்பிடியின் நடுவில் உள்ளங்கை இருக்க வேண்டும். அளவு அந்த இடத்துக்கு வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். மறு கையால் ரெஞ்சின் தலையை நட்டுக்கு நேராகத் தாங்குங்கள், அழுத்தக் கூடாது. பைய, ஒரே சீராக இழுங்கள். வெட்டி இழுத்தால் கிளிக் வருவதற்குள் கை அளவைத் தாண்டியிருக்கும். முதல் கிளிக்கில் நிறுத்துங்கள். ‘இன்னும் ஒன்று’ என்று இழுக்கும் ஒவ்வொரு கிளிக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தும். ரோட்டோரம் லாரி போகும் சத்தத்தில் கிளிக் காதில் விழாது. கையில் ஒரு சிறு தளர்வு தெரியும், அதைக் கவனியுங்கள். பைப் மாட்டாதீர்கள். நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அது மாறாது. வளைந்து திரும்பும் ஜாயின்ட் வேண்டாம், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, 100-ல் வைத்தே பெட்டியில் போட்டால் அது நாளாக நாளாகச் சோர்ந்துபோகும். குறைந்த அளவுக்கும் கீழே கழற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, கன்னால் முறுக்கியதைச் சரிபார்ப்பது. இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளிக் ரெஞ்ச் ஒன்றைத்தான் சொல்லும்: நட் இந்த எண்ணுக்குக் குறைவாக இல்லை என்று. கடையில் கன் 250-ல் முறுக்கியிருந்தாலும் உங்கள் ரெஞ்ச் 100-ல் அழகாகக் கிளிக் சொல்லும், நட் அசையவே அசையாது. சரியாக இருக்கிறது என்று பெட்டியை மூடிவிடுவீர்கள். ஆகவே சரிபார்ப்பது என்றால், ஒவ்வொரு நட்டாக முழுக்கத் தளர்த்தி, திரும்ப எண்ணில் முறுக்குவது. ஒரு நேரத்தில் ஒரு நட். அதிகமாக முறுக்கினால் ஸ்டட் இழுபடுவது மட்டுமில்லை. நான்கும் நான்கு விதமாக இறுகும்போது பிரேக் டிஸ்க் கொஞ்சம் சாயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஆடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புது டிஸ்க்கையும் அதே கன்னால் முறுக்குவார்கள்.

கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு நாளில் அவர்கள் கழற்றி மாட்டும் வீல்கள் எத்தனையோ. அடுத்த தடவை போகும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, கன்னை லைட்டா விட்டாப் போதும், கடைசி டைட் நான் போட்டுக்கிறேன்.” பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள். ஹப்பைத் தேய்க்க வயர் பிரஷும் நீங்களே கொண்டு போங்கள்.

புதிதாக வாங்கிய ரெஞ்ச் சரியாக அளக்கிறதா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது, வீட்டிலேயே பார்க்கும் வழி ஒன்று உண்டு. நல்ல கிளிக் ரெஞ்சில் 4 சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி) பிடித்து, கைப்பிடி படுக்கைவாட்டில் இருக்கும்படி வையுங்கள். முனையின் மையத்திலிருந்து சரியாக 40 செமீ தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடைபோட்டு, மேலும் கொஞ்சம் சேர்த்து மொத்தம் 25 கிலோ வரும்படி கயிற்றில் பைய இறக்குங்கள். 25 கிலோ, 40 செமீ, கணக்குப் போட்டால் 98 நியூட்டன் மீட்டர். ரெஞ்சில் 90 வைத்தால் கிளிக் வர வேண்டும், 106 வைத்தால் வரக்கூடாது. வாழைக்குலை எடைபோடும் கடையில் தராசு கிடைக்கும். ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும், அதனால் இது ஆய்வகச் சோதனை ஆகாது. ஆனால் 30 சதவீதம் தவறான ரெஞ்சைக் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். கீழே போட்டுவிட்டால் இதைத் திரும்பச் செய்து பாருங்கள்.

அதே கணக்கு ரெஞ்ச் கையில் இல்லாத நேரத்துக்கும் உதவும். வண்டியோடு வரும் ஸ்பேனர் 25 செமீ நீளம் என்றால், நுனியில் 41 கிலோ அழுத்தம் கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர். ஒருவர் ஓங்கிக் கையால் அழுத்தும் அளவு. 40 செமீ ஸ்பேனரில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 275. ஏறி நின்று குதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

வீல் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். முதலில் சொன்ன தலைமுடி கனம்தான் காரணம். மிச்சமிருந்த பொருக்கும் பெயிண்டும் நசுங்குவது இந்த முதல் தூரத்தில்தான். இந்தத் தடவை தளர்த்தாமல், அதே எண்ணில், நட் அசைகிறதா என்று பார்த்தால் போதும். கொஞ்சம் அசைந்து கிளிக் வந்தால் சாதாரணம். கால் சுற்று போனால் வீலைக் கழற்றி மறுபடி ஹப்பைப் பாருங்கள். சூடான வீலில் செய்யாதீர்கள். பிரேக் சூடு ஆறி, டிஸ்க்கில் கை வைக்க முடிகிற வரை காத்திருங்கள்.

உங்கள் கணக்குக்கு வசதியாக ஒரு தூரம் இருக்கிறது. ஸ்டட் மாற்றிய பிறகு முதல் இரண்டு நாள் குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் உள்ளூர் ஓட்டமாக ஓட்டுங்கள். 60 கிலோமீட்டர் வந்ததும் காலையில் வண்டியை எடுக்கும் முன் நான்கு வீலையும் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து கதிர்போலச் சிவப்புத் துருக்கோடு வழிந்திருந்தால் அது லூஸாக ஆடிய வீல், கிளிக்குக்குக் காத்திருக்காமல் கழற்றுங்கள். கோடு இல்லை, நட்டும் அசையவில்லை என்றால் அன்றே திருவனந்தபுரம் கிளம்பலாம்.